விளைவிப்பது நாம், விலை சொல்வது யார்?

(நெய்வேலி நகரியத்தில் நடந்த கூட்டமைப்பு மகளிர் கூட்டத்தில், எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் குழுவில் பதினாறு பேர். இங்கே மைக் முன்னால் நிற்பது ஒருத்திதான். ஆனாலும் பதினாறு பேரும் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பேசுவது என்று மூன்று வாரக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதித்தான் வந்திருக்கிறோம்.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "விவசாயத்தைத் தொழிலாகச் செய்து நாட்டை உயர்த்துவது எப்படி?" என்பது. கேட்டதும் எங்களில் மூத்த பெரியம்மா சிரித்துவிட்டார். "நாட்டை அப்புறம் உயர்த்தலாம்டி, முதல்ல நம்ம மூட்டைய ஒழுங்கா எடை போடச் சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பேச்சிலேயே எல்லாம் இருக்கிறது. அதனால் நாங்கள் படித்த பெரிய விஷயங்களைப் பேசப் போவதில்லை. எங்களுக்குத் தெரிந்த முந்திரியைப் பற்றிப் பேசப் போகிறோம். உங்கள் ஊரில் அது மல்லாட்டையாக இருக்கலாம், பலாவாக இருக்கலாம், உளுந்தாக இருக்கலாம். பயிர் மாறும், கணக்கு ஒன்றுதான்.

தை மாதம் நடக்கும் வியாபாரம்

தைப்பூசத்துக்கு வடலூர் போய் வருகிற நாளில் நம் பக்கத்துத் தோப்பெல்லாம் எப்படி இருக்கும்? முந்திரி பூத்து, வழியெல்லாம் வாசனையாக இருக்கும். முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர் பக்கம் வரும் சகோதரிகளுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பூ இருக்கும், கையில் காசு இருக்காது. பொங்கல் செலவு முடிந்திருக்கும். பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் நிற்கும். தோப்புக்கு மருந்து அடிக்க வேண்டும், களை எடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் வியாபாரி வருவார். "என்னம்மா, பணம் ஏதாச்சும் வேணுமா?" என்று அன்பாகத்தான் கேட்பார். பத்தாயிரம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், பத்திரம் கேட்கமாட்டார். ஒரே ஒரு வார்த்தைதான்: "கொட்டைய வேற யாருக்கும் போட்டுடாதீங்க." நாமும் சரியென்று தலையாட்டுவோம். வட்டியில்லாத பணம் என்று சந்தோஷப்படுவோம்.

இது வட்டியில்லாத பணமா? எங்கள் குழுவில் ஒரு நாள் சிலேட்டில் கணக்குப் போட்டோம். விலை வருஷா வருஷம் மாறும்; கணக்கு புரிவதற்காக எளிய எண்களாக வைத்துக்கொள்வோம்.

சித்திரையில் வெளியில் கொட்டை கிலோ 100 ரூபாய் விற்கிறது என்று வையுங்கள். முன்பணம் வாங்கியவளுக்கு 90 ரூபாய்தான். 400 கிலோ போட்டால் 4,000 ரூபாய் குறைந்துபோனது. 80 கிலோ மூட்டையாக ஐந்து மூட்டை. மூட்டைக்கு ஒரு கிலோ "கழிவு" என்று தள்ளினால் ஐந்து கிலோ. 90 ரூபாய் வீதம் அதில் 450 ரூபாய் போச்சு. ஆக, மூன்று மாதத்துக்கு வாங்கிய 10,000 ரூபாய்க்கு நாம் கொடுத்த விலை 4,450 ரூபாய்!

இதே 10,000 ரூபாயைக் குழுவில் உள்கடனாக, நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு எடுத்திருந்தால்? மாதம் 200, மூன்று மாதத்துக்கு 600 ரூபாய். அந்த 600 ரூபாயும் வெளியே போகாது. குழுவின் நிதியாகி நமக்கேதான் திரும்பி வரும்.

அன்று சிலேட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முப்பது வருஷமாகத் தோப்பு வைத்திருக்கும் ஓர் அக்கா மட்டும், "அப்ப இத்தன வருஷம்?" என்று கேட்டார். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறோம். வியாபாரியைத் திட்டுவதற்காக இதைப் பேசவில்லை. அவசரத்துக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான். மழை பெய்து பூ கருகினால் அவர் பணமும் மாட்டிக்கொள்ளும். அவர் தன் தொழிலைத் தொழிலாகச் செய்கிறார். நாம்தான் நம் தொழிலைத் தொழிலாகச் செய்யவில்லை.

குழு எதற்காக வந்தது?

நம் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு முன்னோடித் திட்டம் கொண்டுவந்தது. அந்த 500 இன்று எத்தனை லட்சமாகப் பெருகியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி வாசலை மிதிக்காதவர்கள் மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஆனால் நம் மனசைத் தொட்டுச் சொல்வோம். உள்கடன் எதற்கெல்லாம் எடுத்திருக்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவு, காதுகுத்து, கல்யாண மொய், வீட்டுக்குக் கூரை, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன். எல்லாம் தேவைதான். எங்கள் பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினோம். தோப்பை முன்பணத்திலிருந்து மீட்கக் கடன் என்று ஒரு தீர்மானம்கூட இல்லை! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

அதனால் ஒரு தை மாதக் கூட்டத்தில் புதிதாக ஒரு தீர்மானம் போட்டோம். "தோப்புக் கடன்" என்று பெயர் வைத்தோம். தோப்பு உள்ளவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் மட்டும் தைரியமாக முன்வந்தார்கள். ஆளுக்கு 10,000 கொடுத்தோம். கடனை மாதத் தவணையாகக் கேட்கவில்லை. கொட்டை விற்றதும் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். விளைச்சல் கடனுக்கு மாதத் தவணை வைத்தால், தவணை கட்ட மறுபடியும் வியாபாரியிடம்தான் போக வேண்டியிருக்கும்.

நாங்கள் பட்ட பாடு

"அப்புறம் எல்லாம் லாபமாக வந்தது" என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை.

முதல் சகோதரி கொட்டையைப் பொறுக்கி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டினார். இரண்டாவது சகோதரியும் அப்படியே. மூன்றாவது சகோதரி வீட்டில் அந்த வாரம் ஒரு சாவு. ஒரு நாள் வெயில் காட்டியதோடு மூட்டை கட்டி, சிமெண்ட் தரையில் அடுக்கிவிட்டார். நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்துப் பிரித்தால் பூசண வாடை. உடைத்துப் பார்த்தால் பருப்பு கறுத்திருந்தது. அதைப் பாதி விலைக்குத்தான் தள்ள முடிந்தது. அந்தத் தப்பு அவருடையது மட்டுமில்லை. கடன் கொடுத்த குழு, காய்கிறதா என்று எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற இரண்டு பேருக்கு வேறு சோதனை. விலை ஏறும் என்று காத்திருந்தோம். ஏறுவதற்கு முன்னால் இரண்டு வாரம் இறங்கியது. வீட்டில் பேச்சு கிளம்பியது. "பொம்பளைங்க வியாபாரம் பண்ணா இப்படித்தான்" என்றார்கள். ஒரு சகோதரி அழுதுகொண்டே கூட்டத்துக்கு வந்தார். அன்று ஒரு முடிவு எடுத்தோம்: பாதியை விற்றுவிடுவது, பாதியை வைத்திருப்பது. ஏறினால் பாதிக்கு லாபம், இறங்கினால் பாதிதான் நட்டம். கடைசியில் முன்பணத்துக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிட இரண்டு பேருக்கும் கூடுதலாகவே கிடைத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் கூடுதல்தான். கடனும் வட்டியும் கட்டி முடித்தார்கள். மூன்றாவது சகோதரிக்கு அடுத்த வருஷம் வரை தவணை கொடுத்தோம்.

அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் படித்த பாடம் மூன்று. ஒன்று: காய்ச்சல். கொட்டையைக் கையில் வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். நகத்தால் அழுத்தினால் ஓட்டில் தடம் விழக் கூடாது. இரண்டு: இருப்பு. மூட்டையைச் சிமெண்ட் தரையில் வைக்கக் கூடாது. பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். மூன்று: எடை. குழுவுக்கென்று ஒரு தராசு வேண்டும். வாங்குகிறவர் தராசில் போடுவதற்கு முன்னால் நம் தராசில் ஒரு முறை போட்டு எழுதிவைக்க வேண்டும். தராசு வாங்கிய பிறகு "கழிவு" என்ற பேச்சே குறைந்துவிட்டது.

உடைக்கிற கைக்கும் பங்கு உண்டு

தோப்புக் கடன் பேசியபோது எங்கள் குழுவில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார். "உங்களுக்குத் தோப்பு இருக்கு, பேசறீங்க. எங்களுக்கு என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. நம் கூட்டமைப்பில் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தொழில்முறை விவசாயம் என்றால் நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

அந்தச் சகோதரிகள் கையைப் பாருங்கள். கொட்டை உடைக்கிற கை. ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து கறுத்த கை. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். முந்திரியின் மதிப்பு கூடுவது அந்தக் கையில்தான். ஆனால் கூலி மட்டும்தான் அந்தக் கைக்கு வருகிறது.

இதையும் கணக்காகப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த 80 கிலோ மூட்டையில் 20 முதல் 24 கிலோ வரை பருப்பு கிடைக்கும். அதாவது, ஏறக்குறைய நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு. நாம் 20 கிலோ என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். கொட்டை 100 ரூபாய் வீதம் மூட்டை 8,000. வேகவைப்பது, உடைப்பது, காயவைத்துத் தோல் உரிப்பது, கவர் எல்லாம் சேர்த்துப் பருப்புக் கிலோவுக்கு 120 என்றால் 2,400. மொத்தச் செலவு 10,400.

நல்ல கை உடைத்தால் 13 கிலோ முழுப்பருப்பு, 5 கிலோ பாதி, 2 கிலோ துண்டு வருகிறது என்று வைப்போம். முழுசு 700, பாதி 600, துண்டு 450 என்று விற்றால் 9,100 + 3,000 + 900 = 13,000 ரூபாய். மிச்சம் 2,600. அதே மூட்டையை அவசரமாக உடைத்து 8 கிலோ முழுசு, 8 கிலோ பாதி, 4 கிலோ துண்டு என்று வந்தால் 12,200 ரூபாய்தான். மிச்சம் 1,800. கொட்டை அதேதான், அடுப்பும் அதேதான். 800 ரூபாய் வித்தியாசம் உடைக்கிற கையில் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கைக்குக் கூலியோடு லாபத்திலும் பங்கு கொடுப்பதுதானே நியாயம்?

எங்கள் குழுவில் முதலில் இரண்டே இரண்டு மூட்டை உடைத்தோம். தோப்புச் சகோதரி கொட்டை கொடுத்தார். நிலமில்லாத ஐந்து பேர் உடைத்தார்கள். உடைத்தவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மிச்சத்தில் பாதி கொட்டை கொடுத்தவருக்கு, பாதி உடைத்தவர்களுக்கு. கையுறை வாங்கும் செலவைப் பொதுச் செலவில் சேர்த்தோம்.

தரம் பிரிப்பதையும் கற்றுக்கொண்டோம். ஏற்றுமதி வியாபாரத்தில் வெள்ளை முழுப்பருப்புக்கு டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பெயர். பயப்பட வேண்டாம், ரொம்ப சுலபம். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமில் எத்தனை பருப்பு நிற்கிறது என்பதுதான் அந்த எண். 320 என்றால் சின்னப் பருப்பு, 180 என்றால் பெரிய பருப்பு. எண் குறையக் குறைய விலை கூடும். இது தெரியாத வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தோம்.

சந்தை வாசலில் இருக்கிறது

எங்கே விற்பது? இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நகரியத்தைப் பாருங்கள். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் சுரங்க வேலை ஆரம்பித்த நாளிலிருந்து மாதச் சம்பளம் வருகிற ஊர் இது. சம்பளம் வாங்கும் வீட்டில் பாயசத்துக்கு முந்திரி வேண்டும், பொங்கலுக்கு வேண்டும், வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இத்தனை காலமும் நம் தோப்புக் கொட்டை நாலு கை மாறி, கவர் போட்டு, இதே நகரியத்துக் கடைக்கு வந்தது. இடையிலே இருந்த நாலு கைக்கும் கூலி கிடைத்தது. தோப்புக்கும் கடைக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

நாங்கள் கால் கிலோ, அரை கிலோ பாக்கெட் போட்டோம். மாத முதல் வாரத்தில் எடுத்து வந்தோம். முதலில் தெரிந்த நாலு வீடு. அந்த வீட்டம்மாக்கள் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்னால் கேட்டு வாங்கினார்கள். ஒரு முறை பாக்கெட்டில் இரண்டு சொத்தைப் பருப்பு போய்விட்டது. மறு பேச்சில்லாமல் வேறு பாக்கெட் கொடுத்தோம். அந்த வீடு இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறது.

கடைக்காரர் ஒருவருக்குக் கடனுக்குப் போட்டு, பணம் வாங்க ஆறு மாதம் நடந்த கதையும் உண்டு. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: முதல் சரக்குக்குப் பணம் வராமல் இரண்டாவது சரக்கு கிடையாது. யாராக இருந்தாலும் சரி.

நாட்டுக்கும் இதே கதைதான்

இப்போது தலைப்புக்கு வருகிறோம். நாட்டை உயர்த்துவது.

ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்று ஒரு நாடு. முந்திரிக்கொட்டை விளைவிப்பதில் உலகத்திலேயே முன்னணியில் இருக்கிற நாடு. ஆனால் விளைந்த கொட்டையில் பெரும் பங்கை அப்படியே மூட்டை கட்டிக் கப்பலேற்றுகிறார்கள். அது வியட்நாமுக்கும் நம் இந்தியாவுக்கும் வருகிறது. கேரளத்துக் கொல்லத்திலும் நம் பண்ருட்டிப் பக்கத்திலும் உடைக்கிற கொட்டையில் கடல் கடந்து வந்ததும் உண்டு. வியட்நாம்காரர்கள் இயந்திரம் போட்டு, உடைத்து, தரம் பிரித்து விற்று, 2006-ல் முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவையே முந்திவிட்டார்கள். விளைவித்த நாட்டைவிட, உடைத்து விற்ற நாட்டுக்குத்தான் பெயரும் பணமும். அதனால்தான் ஐவரி கோஸ்ட் அரசாங்கமும் இப்போது உள்நாட்டிலேயே உடைக்க வேண்டும் என்று ஆலைகளுக்கு ஊக்கம் கொடுக்கிறது.

சகோதரிகளே, தை மாதம் முன்பணம் வாங்கி, ஈரக் கொட்டையை மூட்டையோடு போட்டுவிடும் நம் வீடும் அந்த நாடும் ஒன்றுதானே? வீட்டுக்கு எது சரியோ அதுதான் நாட்டுக்கும் சரி. விளைவது மட்டும் போதாது. காயவைக்க, உடைக்க, தரம் பிரிக்க, விலை பேசத் தெரிய வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 1946-ல் குஜராத்தில் ஆனந்த் பக்கத்து விவசாயிகள், ஒரே ஆளுக்குத்தான் பால் ஊற்ற வேண்டும், அவன் சொன்னதுதான் விலை என்ற நிலைமையை எதிர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் இரண்டே ஊர்ச் சங்கம், ஒரு நாளைக்கு 247 லிட்டர் பால். அதுதான் இன்றைய அமுல். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு மொட்டைமாடியில் அப்பளம் போட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்றும் அங்கே உறுப்பினர்கள் மாவை வாங்கிப் போய் வீட்டில் இட்டு, மறுநாள் எடை போட்டு, தரம் பார்த்துத்தான் ஒப்படைக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில், நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வாழையும் காய்கறியும் போடுகிறார்கள். "எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்ட எங்கள் சகோதரிக்கு இதுவும் ஒரு பதில்.

சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, விளைவிப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம் என்று வழி செய்தார்கள். ஆனால் ஒன்று. தராசும் கணக்கு நோட்டும் ஒழுங்காக இல்லாத பத்துப் பேர் கம்பெனி ஆரம்பித்தால், பெயர்ப் பலகைதான் மிஞ்சும். முதலில் இரண்டு மூட்டை, பிறகு இருபது மூட்டை, கம்பெனி அதற்கப்புறம்.

ஒரே மரத்தில் தொங்க வேண்டாம்

2011 டிசம்பர் 30 நம் யாருக்கும் மறக்காது. தானே புயல். பொழுது விடிந்து பார்த்தால் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்த பலா மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் பூத்துக் கொடுத்த தோப்பு ஒரே ராத்திரியில் விறகாகிப் போனது.

தொழில்முறை விவசாயம் என்று பேசும் யாரும் அந்த ராத்திரியை மறந்து பேசக் கூடாது. இருக்கிற நிலம் முழுக்க ஒரே பணப்பயிர், அதற்குப் பெரிய கடன் என்று போனால், ஒரு காற்று போதும். அதனால் நாங்கள் சொல்வது இது. புதிதாக முந்திரி வைப்பவர்கள் ஒட்டுக்கன்றாக வையுங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் மூன்றாம் வருஷமே காய்க்க ஆரம்பிக்கும். ஏழு மீட்டருக்கு ஒன்றாக, ஏக்கருக்கு எண்பது கன்று போதும். கன்று சின்னதாக இருக்கும்வரை இடையில் மல்லாட்டை, உளுந்து போடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கான துண்டு நிலத்தைத் தொடாதீர்கள். கறவை மாடோ ஆடோ கோழியோ ஒன்று இருக்கட்டும். வங்கி எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்துக் கடன் வாங்காதீர்கள். எவ்வளவு சரக்கு விற்க முடியும் என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வருஷம் செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போய் மறந்துவிடாமல் இருக்க, ஐந்தே ஐந்து:

1. மார்கழிக் கூட்டத்திலேயே, தையில் யார் யாருக்கு எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கேட்டு எழுதுங்கள். முன்பணம் வாங்கப் போகும் சகோதரிக்கு உள்கடனில் முதலிடம் கொடுங்கள்.

2. விளைச்சல் கடனுக்கு, விற்கும் மாதத்தில் திருப்பிக் கட்டும்படி தவணை வையுங்கள்.

3. குழுவுக்கு ஒன்று, முடியாவிட்டால் ஊராட்சிக் கூட்டமைப்புக்கு ஒன்று என்று தராசு வாங்குங்கள்.

4. கடன் கொடுத்ததோடு விடாமல், காய்கிறதா, பூசணம் பிடிக்கிறதா என்று இரண்டு பேர் போய்ப் பாருங்கள். நாங்கள் போகாமல் கெட்டோம்.

5. நிலமில்லாத உறுப்பினர்களைச் சேர்க்காமல் எந்தத் தொழிலும் தொடங்காதீர்கள். கூலியோடு பங்கும் கொடுங்கள்.

முடிக்கும் முன் ஒன்றே ஒன்று. இரண்டாவது வருஷம் தை மாதம் அதே வியாபாரி வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். "பணம் ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார். எங்கள் அக்கா, முப்பது வருஷமாகத் தோப்பு வைத்திருப்பவர், "இப்ப வேணாங்க, குழுவுல எடுத்துக்கிட்டோம். சித்திரையில கொட்ட காஞ்சதும் சொல்றோம், வாங்க" என்றார். அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரிம்மா. என்ன விலைக்குக் கொடுப்பீங்க?"

அந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. அன்று சாயந்திரம் கூட்டத்தில் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எங்களுக்கும்தான்.

நாட்டு விவசாயம் உயருவது எங்கோ டெல்லியில் தொடங்குகிற காரியம் என்று இனி நினைக்க வேண்டாம். நம் திண்ணையில், அந்த ஒரு கேள்வியில் அது தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் பதிலைத் தயாராக வைத்திருப்போம்.